தவணைக்காலத்தில் ஒரு தவக்காலம்

உலக வரலாற்றைக் கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பினாங்குத் தீவின் பொருளாதார வரலாற்றுக்கும் இனி அப்படியொரு பிரிவு தேவைப்படும். என் கணவர் பெர்னார்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றில் நடந்த இலவசக் கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு காலம். போய் வந்த பின் ஒரு காலம். இரண்டிலும் குடித்தனம் நடத்தியவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுத முன்வந்திருக்கிறேன். பெயர் ரீத்தா.

நாங்கள் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். மூன்று அறை, ஒரு கூடம், அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலை. பெர்னார்ட் துறைமுகத்துச் சரக்கு கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, எது ஓட்டை எது உடைசல் என்று சொல்லும் வேலையில் இருக்கிறேன். இத்தனை வருடமாகக் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கினாலும், அந்தத் திறமையை வீட்டுக்குள் எடுத்து வந்ததில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், வெரோனிக்கா. அப்போது அவள் பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் முடித்துவிட்டு, தாதியர் கல்லூரிக்கு மனுப் போட்டுக் காத்திருந்தாள்.

வீடு பேங்க் கடனில் வாங்கியது. கடைசித் தவணையைக் கட்டும்போது பெர்னார்டுக்கு அறுபத்தேழு வயது ஆகியிருக்கும். அதுவரை இது எங்களுக்கு ஒரு செய்தியாகத்தான் இருந்தது. கூட்டத்துக்குப் பிறகு அது பாவமாக மாறியது.

கூட்டத்தின் பெயர் ‘கடனிலிருந்து விடுதலை’. அனுமதி இலவசம். புத்தகம், பயிற்சி, கைப்பேசிச் செயலி, ‘தங்க உறுப்பினர்’ அட்டை ஆகியவற்றுக்கு மட்டும் கட்டணம். விடுதலையை வாங்கிக்கொண்டு, கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு, பெர்னார்ட் வீடு திரும்பினார். கூடத்துக்கு வராமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டார்.

“ரீத்தா, இந்த வீட்டுல நம்ம சொத்து எதுன்னு தெரியுமா?”

“ஃபிரிட்ஜ். போன வருஷம்தான் தவணை முடிஞ்சிச்சு.”

“வீட்டைக் கேக்குறேன். இதுவரைக்கும் நம்ம கட்டுனதுல பாதிக்கு மேல வட்டிக்கே போயிருச்சு. அசலை மட்டும் கணக்குப் பண்ணிப் பாத்தேன். நமக்குச் சொந்தம் இந்த அடுப்படி, அப்புறம் பாத்ரூம்ல பாதி. மத்ததெல்லாம் பேங்கோடது.”

“எந்தப் பாதிங்க?”

“என்னது?”

“பாத்ரூம்ல. குழாய் இருக்கிற பாதியா, மத்த பாதியா?”

ஒரு பொருளாதார அறிஞருக்குரிய நிதானத்துடன் அவர் யோசித்தார். “குழாய் இருக்கிற பாதி,” என்றார். பேங்குக்கு எதை விட்டுவைக்க வேண்டும் என்பதில் அவருக்கு அன்றே தெளிவு இருந்தது.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் வீட்டின் வரைபடம் ஏறியது. எங்களுக்குச் சொந்தமான இடம் பச்சை. பேங்குக்குச் சொந்தமானது வெள்ளை. மாதாமாதம் பச்சை வளரும். ஒன்பது வருடம் முன்கூட்டியே முழு வீடும் பச்சையாகிவிட வேண்டும். அதுதான் திட்டம்.

நான் சிரித்திருப்பேன். ஆனால் படத்தை ஒட்டிவிட்டு அவர் ஒன்று சொன்னார். சின்ன வயதில் அவர் குடும்பம் டத்தோ கிராமாட்டில் வாடகை வீட்டில் இருந்தது. ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது வாசலில் புதுப் பூட்டு. அவருடைய புத்தகங்கள் அம்மாவின் சேலைகளோடு சாக்கடை ஓரத்தில் கிடந்தன. “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் சேலைய எவனும் வெளிய தூக்கி வைக்கக்கூடாது ரீத்தா,” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னது அன்று ஒருமுறைதான். அதனால் சரி என்றேன். மனமுவந்துதான் சொன்னேன்.

திட்டம் திருநீற்றுப் புதனன்று தொடங்கியது. தவக்காலத்துக்கு நாற்பது நாள் போதும் என்று திருச்சபை நினைக்கிறது. பெர்னார்ட் அதைத் தவணைக்காலம் முழுவதற்கும் நீட்டித்தார். ஈஸ்டர் வந்தது. உலகமெங்கும் ஆண்டவர் உயிர்த்தெழுந்தார். எங்கள் வீட்டு ஆட்டுக்கறி மட்டும் எழவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ‘குடும்ப நிதிக் குழு’ கூடும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளைப் பெர்னார்ட் தாமே ஏற்றுக்கொண்டு எங்கள் சுமையைக் குறைத்தார். நானும் வெரோனிக்காவும் ‘பொதுமக்கள்’. தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. அந்த ஏக மனம் அவருடையது. தேங்காய்ப்பால் விசேஷ நாளுக்கு மட்டும். பசாருக்கு, கடைக்காரர்கள் மிச்சக் காய்கறியைத் தள்ளிவிடும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். கடன் என்ற சொல்லே அவருக்கு ஆகாமல் போய்விட்டதால், காலைக்கடனுக்கும் இவ்வளவுதான் தண்ணீர் என்று வரம்பு வந்தது.

ஏர்கோனுக்கு ‘இலக்குடைய உதவி’ என்று பெயர். உண்மையிலேயே தேவைப்படுவோருக்கு மட்டும்.

“பா, வேர்க்குதுப்பா,” என்பாள் வெரோனிக்கா.

“எங்க, முதுகைக் காட்டு.”

சட்டை நனைந்திருக்கும் அளவைப் பார்த்துத் தீர்ப்பு வரும். கொஞ்சம் நனைந்திருந்தால் ஜன்னல். நிறைய நனைந்திருந்தால் விசிறி.

“ஏர்கோனுக்கு எவ்ளோ நனையணும்பா?”

“அந்தக் கட்டத்தை நம்ம யாரும் இன்னும் அடையல,” என்றார் பெருமையுடன்.

சீனப் புத்தாண்டு சமயத்தில் மலையடிவாரத்துப் பெரிய சீனப் புத்தர் கோயிலில் கணக்கில்லாத விளக்குகள் எரியும். அந்த வெளிச்சம் எங்கள் கூடத்திலும் கொஞ்சம் விழும். அந்த நாட்கள் முழுவதும் எங்கள் விளக்குகளுக்கு விடுப்பு. மூன்று கத்தோலிக்கர்கள் புத்தர் செலவில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டோம். மத நல்லிணக்கம் பற்றி மேடைகளில் பேசுகிறவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம்.

வேலைப் பங்கீடும் நேர்மையாக நடந்தது. அசலை அடைக்க அசல் உழைப்பு வேண்டும். அது என்னிடம் இருந்தது. ஆகவே என் சம்பளமும் ஓவர்டைம் காசும் நேராகப் பேங்குக்குப் போயின. நிர்வாகத்துக்கு நிர்வாகத் திறமை வேண்டும். அது அவரிடம் இருந்தது. ஆகவே அவர் சம்பளம் வீட்டுச் செலவுக்கும் ‘நிர்வாகச் செலவு’க்கும் ஒதுக்கப்பட்டது. வரைபடத்தை மாதாமாதம் அச்சடிக்க ஒரு பிரிண்டர், அதற்குப் பச்சை மை, செயலிக்குச் சந்தா, தங்க உறுப்பினர்களுக்கான மேல்நிலைப் பயிற்சி. சிக்கனம் என்பது செலவில்லாமல் வருவதல்ல என்பதை நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த என் இபிஎஃப் பணத்தில் வீட்டுக்கென்று எடுக்கக்கூடிய பங்கையும் எடுத்துக் கட்டினோம். அவருடைய இபிஎஃப்பைத் தொடவில்லை. “ரெண்டு பேருதையும் எடுத்துட்டா வயசான காலத்துல என்னா பண்றது?” என்று கேட்டார். தொலைநோக்கு என்றால் இதுதான்.

கீழே பஷீர் கடையில் அவருக்கு ஓர் ‘ஆலோசனைக் குழு’வும் இருந்தது. வேலை முடிந்ததும் நாலைந்து பேர் அங்கே கூடித் தே தாரேக் டீ குடித்துக்கொண்டே சிக்கனத்தைப் பற்றி விவாதிப்பார்கள். ஒருநாள் நான் ரொட்டி வாங்கப் போனபோது பஷீர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணே கணக்கு கொஞ்சம் ஏறிப்போச்சு.”

“என்ன கணக்கு? அவருக்குக் கடனா?”

“கடன்னு சொல்லக்கூடாதாம் அக்கா. கடன்னு எழுதுனா ராசி இல்லையாம். ‘ஒத்திவைக்கப்பட்ட செலவு’ன்னு எழுதச் சொல்லிருக்காரு.”

“எத்தன நாளா ஒத்திவச்சிருக்காரு?”

“நோன்புப் பெருநாளுக்கு முன்னருந்து.”

“ஏன் இவ்ளோ நாள் கேக்கல நீங்க?”

“எப்படிக்கா கேக்குறது? கடன் இல்லாம வாழுறது எப்படின்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துக்கிட்டு இருக்காரு. நடுவுல போயிக் காசு கேட்டா நல்லாவா இருக்கும்?”

அந்த மாதம் ஓவர்டைமில் கொஞ்சம் பஷீருக்குப் போனது. ஆயினும் பெர்னார்ட் தே தாரேக்கைக் குறைத்துக்கொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சீனி குறைவாகப் போடச் சொல்லிவிட்டார்.

உணவுத் துறையில் அவர் செய்த புரட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘வெளியார் நிதியில் உணவு’ என்பது அதன் பெயர். முதலில் தெரிந்தவர்கள் கல்யாணத்துக்குப் போனோம். பிறகு தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் கல்யாணம். பிறகு ஞானஸ்நானம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு. அந்த வரிசையில் துக்க வீடு வந்து சேர்ந்தது. எங்கள் வழக்கத்தில் சவப்பெட்டி வீட்டிலிருக்கும் இரண்டு மூன்று நாளும் மாலையில் ஜெபம் நடக்கும். ஜெபம் முடிந்ததும் வந்தவர்களுக்கு வறுத்த சேமியா போன்ற மீஹூன் கோரேங், கோப்பி, சில வீடுகளில் உள்ளே கறி வைத்துப் பொரித்த கறிபாப்.

ஜெலுத்தோங்கில் அப்படியொரு வீடு. இறந்தவரை எங்களுக்குத் தெரியாது. பெர்னார்ட் கறுப்புச் சட்டை போட்டு, முகத்தை இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு, முன் வரிசையில் உட்கார்ந்தார். அது அவருடைய தவறல்ல; முன் வரிசைதான் உணவு மேசைக்குப் பக்கம். ஜெபம் முடிந்ததும், சிவந்த கண்களோடு ஒரு பெரியவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நேத்தும் வந்தீங்க, இன்னிக்கும் வந்திருக்கீங்க. சொந்தக்காரங்களே வரல. அண்ணனோட ரொம்பப் பழக்கமோ?”

“மனசால பழக்கம்,” என்றார் பெர்னார்ட்.

“அப்ப நீங்கதான் அண்ணனப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்.”

நான் மீஹூன் தட்டைக் கீழே வைத்தேன். தப்பி ஓட வழி இருந்தது. ஆனால் கறிபாப் இன்னும் வரவில்லை. பெர்னார்ட் எழுந்தார். பெட்டியருகே போய் நின்று, இறந்தவரின் பெயரைப் படத்தின் அடியில் படித்துக்கொண்டார்.

“அன்பானவர்களே,” என்று தொடங்கினார். “இந்த மனுஷன் எப்படி வாழ்ந்தாரு? ஒருத்தர்கிட்டக் கை நீட்டல. ஒரு காசு கடன் வைக்கல. போகும்போது தலை நிமிர்ந்து போறாரு. கடனில்லாத சாவு எத்தனை பேருக்குக் கெடைக்கும்?”

கூட்டத்தில் ஒரு மௌனம் விழுந்தது. பெர்னார்ட் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு மேலும் பேசினார். பின் வரிசையில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். வாசலில் நின்ற இரண்டு பேர் தொண்டையைக் கனைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் கடன் வாங்காத இடமில்லை என்று. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அஞ்சலி செலுத்த வரவில்லை. அவர் உண்மையிலேயே போய்விட்டாரா என்று பார்த்துப்போக வந்தவர்கள்.

இதற்குப் பிறகு நாங்கள் வெளியே தலைகாட்ட முடியாது என்றுதான் நினைத்தேன். நடந்தது நேர்மாறு. இறந்தவரின் மனைவி பெர்னார்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க அப்படிச் சொன்னப்புறம் ஒருத்தனும் வாயத் தொறந்து காசு கேக்கல தம்பி. வெக்கப்பட்டுப் போயிட்டானுங்க. கடவுள்தான் ஒங்கள அனுப்புனாரு.”

கடவுளின் தூதர் மூன்று கறிபாப்பைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் புகழ் பங்குக் கோயில் எங்கும் பரவியது. பெர்னார்ட் பேசினால் கடன் தீரும் என்று ஒரு பேச்சு எழுந்தது. ஜெபக் கூட்டங்களில் பேச அழைத்தார்கள். பிறகு தமிழ்ச் சங்கம் ஒன்று, பிறகு பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபம். ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பச்சை வரைபடத்தைத் திரையில் காட்டினார். பேச்சுக்கென்று ஒரு கோட்டு தைத்துக்கொண்டார். பினாங்கு வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு சிக்கனம் பேசுகிற மனிதனை நம்பாமலிருக்க முடியாது.

இரண்டாம் வருடம் வெரோனிக்காவுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தடவை கிடைக்கவில்லை. மறுபடி மனுப் போட்டு, நேர்முகத் தேர்வுக்கு என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் வாங்கிய இடம். அந்த ஞாயிற்றுக்கிழமை நிதிக் குழு கூடியது.

“சந்தோஷமான செய்தி,” என்றார் தலைவர். “ஆனா இந்த வருஷ பட்ஜெட்ல இதுக்கு எடம் இல்ல. கூடம் முழுக்கப் பச்சையாகப் போற நேரம்.”

“லோன் எடுத்துக்குறேன்பா. என் கூட்டாளிங்க எல்லாரும் படிப்புக்கு லோன் எடுத்துத்தான் போறாங்க.”

பெர்னார்ட் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “கடனா? என் மகளா? பட்டர்வொர்த்துல நானூறு பேரு முன்னால நான் என்னா பேசுனேன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்பா. நாந்தான் டைப் பண்ணிக் குடுத்தேன்.”

“அப்ப ஒனக்கே புரியணும்லா. ஒரு வருஷம் பொறு. ஒத்திவைப்போம்.”

“பஷீர் அண்ணன் கடையில ஒத்திவச்ச மாதிரியாப்பா?”

தலைவர் பேனாவை எடுத்தார். குறிப்பில் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார். வெரோனிக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்போது வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடம் நன்றாகத்தான் இருந்தது, பச்சையில்.

அடுத்த மாதம் அவள் சிங்கப்பூர் போனாள். ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் வேலை. எட்டுப் பேர் தங்கும் அறையில் மேல் படுக்கை. மாதாமாதம் அவள் அனுப்பிய பணம் எங்கள் மலேசிய வெள்ளிக்கு மாறும்போது மூன்று மடங்குக்கு மேலாகியது. பெர்னார்ட் பூரித்துப் போனார். நிதிக் குழுவில் அதற்கு ‘வெளிநாட்டு முதலீடு’ என்று பெயர் வைத்தார். மகளைப் பெற்றெடுப்பது எப்படிப்பட்ட முதலீடு என்று பேச்சில் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

ஒருமுறை அவளிடம் போனில் பேசினேன்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்மா. ஏர்கோன் இருக்கும்மா இங்க. ரூம்ல குளிருது.”

“போத்திக்க.”

“நேத்துக் கடையில ஒரு பாட்டி மயங்கி விழுந்துட்டாங்க. எல்லாரும் போன எடுத்துப் படம் புடிச்சாங்க. நாந்தான் காலைத் தூக்கி வச்சு, சட்டையத் தளத்தி விட்டேன். ஆம்புலன்ஸ்ல வந்த நர்ஸு கேட்டாம்மா, நீ எங்க படிச்சேன்னு.”

“என்னா சொன்னே?”

“ஒத்திவச்சிருக்குன்னு சொன்னேன்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று பூதக்கண்ணாடியில் எல்லாச் சில்லும் ஓட்டையாகவே தெரிந்தது.

நான்காம் வருடம் வீடு ஏறக்குறைய முழுக்கப் பச்சையாகிவிட்டது. கடைசியில் மிச்சமிருந்தது வெரோனிக்காவின் அறை. கடன் தீர இன்னும் ஒரே மாதம் என்ற நிலையில், பெர்னார்ட் என்னையும் ஃபிரிட்ஜ் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்து, மகளுக்கு அனுப்பினார். ‘உன் அறை நம்முடையதாகிறது’ என்று எழுதினார். அவள் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினாள். அந்த அறையில் இப்போது பிரிண்டரும், பேச்சுக்கூட்டப் பதாகைகளும், கோட்டு மாட்டும் கம்பியும் இருக்கின்றன.

போன மாதம் நாங்கள் பேங்குக்குப் போனோம். நான் அரை நாள் லீவு போட்டேன். பெர்னார்ட் கோட்டுப் போட்டுக்கொண்டார். இமான் என்ற இளம் அதிகாரி எங்களை உட்காரவைத்து, கணக்கு முடிந்துவிட்டதற்கான கடிதத்தைக் கொடுத்தாள். வீட்டை அடமானத்திலிருந்து மீட்டாகிவிட்டது என்று அதில் இருந்தது. மீட்பு என்ற சொல்லை அதுவரை கோயிலில் மட்டுமே கேட்டிருக்கிறேன். அங்கே அதற்காக ஒருவர் தம்மையே கொடுக்கிறார், மற்றவர்களைக் கொடுப்பதில்லை.

பெர்னார்ட் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமான அழுகை. தோள் குலுங்கியது. நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் சாக்கடை ஓரத்தில் தன் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பையனாகவே இருந்தார். நான் செய்த ஓவர்டைம் எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அங்கேயே எழுந்து வந்திருந்தால், இந்தக் கட்டுரை வெறும் வாழ்த்துரையாக முடிந்திருக்கும்.

இமான் அவருக்கு ஒரு டிஷ்யூவை நீட்டினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. மலாயில் இனிமையாகப் பேசினாள்.

“என்சிக், உங்களைப் போல ஒழுங்காகக் கட்டியவர்கள் அபூர்வம். அப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடம் ஒரு சிறப்புச் சலுகை உண்டு. இதே வீட்டின் பேரில் மறுபடியும் கடன் எடுக்கலாம். வீட்டின் விலை இப்போது நன்றாக ஏறியிருக்கிறது. ரொக்கமாகவே கையில் கொடுப்போம்.”

நான் பையை எடுத்துக்கொண்டேன். பெர்னார்ட் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்டார்.

இமான் ஒரு தொகையை எழுதிக் காட்டினாள். அழுது சிவந்திருந்த கண்கள் மெல்ல விரிந்தன. அவர் என் பக்கம் திரும்பித் தமிழில், தணிந்த குரலில் பேசினார்.

“ரீத்தா, நல்லா யோசிச்சுப் பாரு. எவ்ளோ நாளைக்கு அடுத்தவன் மேடையிலயே பேசிக்கிட்டு இருக்கிறது? நம்மளே கம்பெனி போடலாம்லா. ‘கடனில்லாக் குடும்பம்’னு பேரு. மொதல்ல ஹோட்டல்ல ஒரு பெரிய ஹால் எடுக்கணும், ஸ்கிரீன் வேணும், புஸ்தகம் அடிக்கணும். அதுக்கு முதல் வேணும்.”

“கடன் இல்லாம வாழுறதச் சொல்லிக் குடுக்க, வீட்டை அடமானம் வைக்கப் போறீங்களா?”

“வீட்டை வைக்கலம்மா. வீட்டோட மதிப்பைத்தான் வைக்கிறோம். ரெண்டும் வேற வேற. கெட்ட கடன் இருக்கு, நல்ல கடன் இருக்கு. மேல்நிலைப் பயிற்சியில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“வெரோனிக்கா கேட்டது எந்தக் கடன்?”

“அது அப்ப. இப்பத்தான் நேரம் சரியா இருக்கு. அவளையும் கம்பெனியில போட்டுறலாம். கௌண்டர்ல ஒக்காந்து புஸ்தகம் விக்கட்டும். காசு வாங்கிப் பழக்கம்தானே அவளுக்கு.”

இமான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்தாள். விண்ணப்பப் பாரத்தை எங்கள் முன்னால் நகர்த்தினாள். “வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது,” என்றாள். “அதனால் இரண்டு கையெழுத்தும் வேண்டும்.”

பெர்னார்ட் உடனே போட்டார். அழகான கையெழுத்து, மேடைகளில் பழகியது. பேனாவை என் கையில் கொடுத்தார். “போடு ரீத்தா. இவ்ளோ தூரம் என்கூட வந்துட்ட.”

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கபடம் கொஞ்சமும் இல்லை. உண்மையாகவே அவர் எங்களைக் கரை சேர்த்துவிட்டதாக நம்பினார். அடுத்த கரைக்கும் அழைத்துப் போகத் தயாராக இருந்தார். இப்படிப்பட்ட மனிதரைப் பாராட்டாமல் எப்படி இருப்பது? நான்கு வருடமாக ஊரே பாராட்டியது. நானும் இதுவரை பாராட்டிக்கொண்டேதான் வந்திருக்கிறேன்.

பேனாவை மூடி இமானின் மேசையில் வைத்தேன்.

“நீங்க கடன அடைக்கலங்க,” என்றேன். “கடன் குடுத்த ஆள மாத்திட்டீங்க, அவ்ளோதான். முன்ன பேங்க். இப்ப நானும் வெரோனிக்காவும். ஜூலையில அவ காலேஜுக்குப் போறா, அந்தப் படிப்புச் செலவுதான் ஒங்க மொதத் தவணை.”

“ரீத்தா, என்னா பேசுற நீ? ஒரு நாளும் நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டதில்லையே.”

“பேங்க் மாசா மாசம் ஸ்டேட்மெண்ட் அனுப்புச்சு, அதனால ஒங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. நாங்க இன்னிக்குத்தான் அனுப்புறோம்.”